பின்னால் இன்னும் ஒருவர்

தன் மகள் ஆட்ராவின் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை மார்கிட் சமையலறைத் திரையை விலக்கியபோது, தக்காளிச் செடிகளுக்கு நடுவே ஒரு கறுப்பு மாடு நின்றுகொண்டிருந்தது. அது மேயவில்லை. வாய்கூட அசையவில்லை. வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குன்றின் அடியிலிருந்த இரும்பு கேட்டையே பார்த்து நின்றது. கேட் அகலத் திறந்து கிடந்தது.

"ஆட்ரா, உன் தோட்டத்துக்கு விருந்தாளி வந்திருக்கு. என்னைவிடக் குண்டா."

ஆட்ரா காப்பிக் கோப்பையோடு வந்து ஜன்னலருகே நின்றாள். அவள் மாட்டைப் பார்க்கவில்லை. கேட்டைத்தான் பார்த்தாள்.

"நேத்து குன்றிலேருந்து கடைசியா இறங்கினது யாரு? மூடாமப் போயிட்டாங்களே," என்றாள் மார்கிட்.

"தெரியலம்மா. விடு, நான் விரட்டிக்கறேன்."

சலிப்பான பதில்தான். ஆனால் அந்தக் குரலுக்கு அடியில் வேறொன்று இருந்தது. பிள்ளை பத்திரமாக வீடு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டவர்கள் விடும் மூச்சைப் போல. மார்கிட் அதைக் கவனித்தாள். கவனிக்காதது போல ரொட்டியில் வெண்ணெய் தடவினாள்.

டன்லெவி ஊரில் எல்லாத் தெருக்களும் ஏதாவதொரு குன்றின் காலடியில் போய் முடிந்துவிடும். ஆட்ராவின் வீடு அவள் தெருவில் கடைசி. அதற்கப்பால் தார் நின்று மண் தொடங்கும். மண்ணுக்குக் குறுக்கே அந்த கேட், கேட்டுக்கு மேலே சைக்கிள்காரர்களின் ஒற்றையடிப் பாதை. மேய்ச்சல் நிலம் என்பதால் கேட்டை மூடி வைக்க வேண்டும், மற்றபடி யார் வேண்டுமானாலும் ஏறலாம். ஊரே ஏறியது. பல் மருத்துவர் காரின் தலையில் படகைக் கட்டிக்கொண்டே வேலைக்குப் போனார். நூலகத்தில் புத்தகம் எடுத்துத் தந்த பெண்ணின் விரலிடுக்குகளில் பாறை ஏறுபவர்கள் பூசும் வெள்ளைப் பொடி. "நீங்க என்ன பண்றீங்க?" என்று எல்லோரும் மார்கிட்டைக் கேட்டார்கள். ஒஹையோவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன் என்று சொன்னால், மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "அது சரி, வேலை முடிஞ்சப்புறம்?" என்று மறுபடி கேட்டார்கள்.

அது புகைக் காலம். மேற்கே எங்கோ காடு எரிந்துகொண்டிருந்தது. மதியத்திலேயே சூரியன் முட்டையின் மஞ்சள் கருவாகச் சிவந்து தொங்கியது. கார் கண்ணாடிகளில் சாம்பல் பொடிந்து விழுந்தது. சத்தங்கள்கூடப் புகையில் தோய்ந்து, தூரத்தில் கேட்க வேண்டியவை காதோரத்திலும் காதோரத்தில் கேட்க வேண்டியவை தூரத்திலும் கேட்டன. இருந்தும் அவர்கள் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிப்போனார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு வீட்டுக்குள் அடங்கி இருக்கத் தெரியாது என்று மார்கிட் நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. பாதை ஒருவர் அகலம்தான். மேலிருந்து சைக்கிளில் இறங்குகிறவர், எதிரே வருபவரிடம் தனக்குப் பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். "மூணு பேர் பின்னால!" என்றால் ஏறுகிறவர் ஓரமாக நின்று அந்த மூன்று பேரையும் விட வேண்டும். கடைசியில் வருபவர், "நான்தான் கடைசி" என்பார். அதைச் சொன்னவர்தான் கீழே கேட்டை மூடிச் சங்கிலியை மாட்ட வேண்டும். எழுதி வைத்த விதி இல்லை. எல்லோருக்கும் தெரியும்.

போன ஏப்ரலில் ஒரு மாலை, அப்படிக் கீழே இறங்கி வந்த ஆட்ரா, "நான்தான் கடைசி" என்றாள்.

அவள் கடைசி இல்லை. அவளுக்குப் பின்னால் அவளுடைய தோழி ஹேலி இருந்தாள். மேலே எங்கோ செயின் கழன்று நின்றவள். ஆட்ராவுக்குக் குளிர், பசி. யோசிக்காமல் வாய் சொல்லிவிட்டது. கை கேட்டை மூடிவிட்டது. எல்லோரும் பீர் குடிக்கப் போனார்கள். ஹேலி நேரே வீட்டுக்குப் போயிருப்பாள் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அன்றிரவு உறைபனி. மேலே விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தும் ஹேலி பாதை நெடுகத் தன்னை இழுத்துக்கொண்டு கேட் வரை வந்துவிட்டாள். சங்கிலிக் கொக்கி நிற்பவர்கள் கைக்கு மட்டுமே எட்டும் உயரத்தில் இருந்தது. காலையில் கேட்டின் கீழ்க்கம்பியைப் பிடித்தபடி, ஆட்ராவின் வாசல் விளக்கைப் பார்த்தபடி அவள் உயிரில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

இது மார்கிட்டுக்குத் தொலைபேசியில் துண்டு துண்டாக வந்த கதை. அதன் பிறகு மகளின் குரல் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. ஊருக்கு வா என்றால், "இங்கேருந்து எப்படிம்மா வர முடியும்?" என்றாள். அவளைக் கையோடு கூட்டிப்போகத்தான் மார்கிட் வந்திருந்தாள். வரும் குளிர்காலத்திலும் இந்த ஜன்னலருகே உட்கார்ந்தால் மகள் மிஞ்சமாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அன்று மாலை ஆட்ராவும் பக்கத்து வீட்டு ராய்ஸும் சைக்கிளில் போனார்கள். மார்கிட் அவர்களை எதிர்கொள்ள மெல்லப் பாதையில் ஏறினாள். சாம்பல் நிறப் புதர்களின் கசப்பு மணமும் புகையின் மணமும் கலந்து, அணைந்த அடுப்புக்குள் மருந்துச் செடியைப் போட்டது போலிருந்தது. முதலில் அந்தச் சத்தம் வந்தது. மிதிக்காமல் இறக்கத்தில் விடும்போது பின்சக்கரம் போடும் சத்தம், டிக்டிக்டிக்டிக் என்று, நாக்கை மேலண்ணத்தில் விடாமல் தட்டுவது போல. ராய்ஸ் வளைவில் வெளிப்பட்டு இரண்டு விரலை உயர்த்தினான்.

"ரெண்டு பேர் பின்னால, மார்கிட்!"

அவள் ஒதுங்கினாள். அடுத்து ஆட்ரா. கைக்குட்டைக்கு மேலே கண்கள் மட்டும்.

"ஒருத்தங்க பின்னால!"

மார்கிட் புதரோரமாகவே நின்றாள். மேலே, வளைவுக்கு அந்தப் பக்கம், டிக்டிக்டிக் என்று இறங்கியது. நெருங்கியது. மெதுவானது. டிக். டிக். நின்றுவிட்டது.

"வாங்க, நான் ஒதுங்கித்தான் நிக்கறேன்," என்றாள் புகையைப் பார்த்து.

பதில் இல்லை. ஆனால் அந்த அமைதி காலியாக இல்லை. பேருந்துப் படியில் நின்று, முதலில் நீங்கள் போங்கள் என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பார்களே, அப்படி ஒரு காத்திருப்பு அதில் இருந்தது. மார்கிட் இறங்கி நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் எதையோ ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்று தோன்றியது. கேட்டைக் கடந்தபோது அது திறந்தே கிடந்ததைப் பார்த்தாள். மூடக் கை போகவில்லை.

ராய்ஸ் ஆட்ரா வீட்டுப் பின்வாசல் மரத்தளத்தில் எல்க் மான் இறைச்சியைச் சுட்டுக்கொண்டிருந்தான். அங்கிருந்து சமையலறைக்கு ஸ்பிரிங் வைத்த ஒரு வலைக்கதவு. விட்டால் துப்பாக்கி வெடித்தது போல அறையும். "கதவைக் கையில பிடிச்சு விடுங்க மார்கிட், அது ஆளைத் தின்னும்," என்றான் ராய்ஸ். உள்ளே போகிறவர் அடுத்தவர் வந்து வாங்கிக்கொள்ளும் வரை அதைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

"உங்களுக்குப் பின்னால ரெண்டு பேருன்னு சொன்னீங்களே, இன்னொருத்தர் யாரு?" என்றாள் மார்கிட்.

"ரெண்டா? நானா?" அவன் இடுக்கியை நிறுத்தினான். "ஆட்ரா மட்டும்தானே இருந்தா. ஒரு விரல்தான் காட்டியிருப்பேன். எனக்குப் பத்து வரைக்கும் எண்ணத் தெரியும் மார்கிட், அதுக்கு மேலதான் ஷூவைக் கழட்டணும்."

மார்கிட் சிரித்தாள். ஆட்ரா சிரிக்கவில்லை.

"இவதான் எப்பவும் ஒருத்தங்க பின்னாலம்பா," என்றான் ராய்ஸ் குரலைத் தாழ்த்தி. "ஏப்ரல்லேருந்தே. நாங்க யாரும் ஒண்ணும் சொல்றதில்ல."

"டேய், கறி கருகுது பாரு," என்றாள் ஆட்ரா.

மறுநாள் மார்கிட் தனியாகப் பாதையில் ஏறி, ஒரு பாறையில் உட்கார்ந்தாள். வேவு பார்க்கிறோம் என்று தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. இறங்கி வந்தவர்கள் எல்லாம் அந்நியர்கள். ஹேலியைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாதவர்கள். ஒரு கணவனும் மனைவியும் போனார்கள். முன்னால் போன கணவன், "ரெண்டு பேர்" என்றான். பின்னால் வந்த மனைவி, "இன்னும் ஒருத்தங்க" என்றாள். பிறகு பூப்போட்ட ஹெல்மெட் அணிந்த ஒரு வயதான அம்மாள், தன்னந்தனியாக, மூச்சிரைத்தபடி வந்தாள்.

"ஒருத்தங்க வர்றாங்க பின்னால, கண்ணு."

"யாருங்க?" என்றாள் மார்கிட்.

அம்மாள் பிரேக்கைப் பிடித்தாள். "யாரு யாருங்க?"

"பின்னால ஒருத்தங்கன்னு சொன்னீங்களே."

"நானா? நான் தனியாத்தானே வந்தேன்." அவள் திரும்பி மேலே பார்த்தாள். முகத்தில் சிரிப்பு தொடங்கி, பாதியில் நின்றுபோனது. "வயசாயிடுச்சு," என்றாள். மிதிக்காமல், பிரேக்கைத் தொடாமல், தன் வயதுக்கு ஆகாத வேகத்தில் இறங்கிப்போனாள்.

டிக்டிக்டிக்.

அவளுடைய சக்கரச் சத்தம் கீழே தேய்ந்தது. இன்னொன்று மேலிருந்து வந்தது.

மார்கிட் எழுந்துவிட்டாள்.

அன்று மாலை ஆட்ரா ஜன்னலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே கேட் திறந்திருந்தது. மாடு வராமலிருக்கத் தோட்டத்தைச் சுற்றி மட்டும் கயிறு கட்டியிருந்தாள். அந்தக் கயிற்றைப் பார்த்ததும் மார்கிட்டுக்கு எல்லாம் விளங்கியது.

"கேட்டை நீதான் திறந்து விடறியா?"

"இல்லம்மா. மூடாம இருக்கேன், அவ்வளவுதான்." ஆட்ரா திரும்பாமலே பேசினாள். "எல்லாரும் பின்னால ஒருத்தங்க இருக்காங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க. அப்ப யாரும் கடைசி இல்ல. யாரும் மூடறதில்ல. முதல்ல நான் மட்டும்தான் சொன்னேன். சொன்னா ஒரு மாதிரி ஆறுதலா இருந்துச்சு. அவளுக்கு இடம் விட்ட மாதிரி. இப்ப எல்லாரும் சொல்றாங்க."

"உனக்கும் கேக்குதா? அந்தச் சக்கரச் சத்தம்?"

"தினமும் ஒரு வளைவு கீழே வருது."

மார்கிட் மகளின் தலைமுடியைக் கோதினாள். வறண்டு, கையோடு ஒட்டி வந்தது. தன் வாழ்க்கை முழுவதும் கதவுகளை மூடித்தான் அவள் தாக்குப்பிடித்திருந்தாள். கணவன் விட்டுப்போன அறை, அவன் சட்டைகள் தொங்கிய அலமாரி, தன் தாய் செத்த வீடு. ஒவ்வொன்றையும் மூடிவிட்டு முன்னால் நடந்திருக்கிறாள். இதையும் அப்படித்தான் செய்ய வேண்டும். அவளுக்கு வேறு வழி தெரியாது.

"நாளைக்கு ஒரே ஒரு தடவை மேல போ. இறங்கி வந்து, நான்தான் கடைசின்னு சொல்லு. மூடு. நான் பக்கத்துல நிக்கறேன். சனிக்கிழமை நாம ஊருக்குப் போறோம்."

"அப்ப அவ?"

"அவ இல்ல, ஆட்ரா. அவ இல்ல."

சொல்லும்போதே மார்கிட்டின் நினைவுக்கு வந்தது பேருந்து. ஒவ்வொரு நாளும் பிள்ளைகள் இறங்கிய பிறகு, கதவை மூடுவதற்கு முன்னால், கடைசி இருக்கை வரை நடந்து குனிந்து பார்க்க வேண்டும். தூங்கிப்போன பிள்ளை ஏதாவது இருக்கைக்கு அடியில் சுருண்டிருக்கும். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவள் பார்க்காமல் மூடியதில்லை. அந்த நினைவை அவள் ஒதுக்கினாள்.

மறுநாள் புகை இன்னும் தாழ்ந்திருந்தது. ஆறு மணிக்கே தெருவிளக்குகள் எரிந்தன. மார்கிட் கேட்டின் வெளிப்பக்கம், கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கம்பி சூடாக இருந்தது. நடுவே ஒரு இடம் மட்டும் குளிர்ந்திருந்தது. கீழ்க்கம்பியில். முழங்காலுக்குக் கீழே. அவள் அதைத் தொட்ட விரல்களை உடனே பாவாடையில் துடைத்தாள்.

குன்றில் சத்தம் தொடங்கியது. டிக்டிக்டிக்டிக். அது ஆட்ராவா? மார்கிட் மூச்சைப் பிடித்துக் கேட்டாள். ஒரு சக்கரம். இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. சில நேரம் சேர்ந்து ஒலித்தன. சில நேரம் ஒன்று கொஞ்சம் பின்தங்கியது.

ஆட்ரா புகையிலிருந்து வந்தாள். கேட்டைத் தாண்டி வெளியே வந்து காலை ஊன்றினாள். கைக்குட்டை நனைந்திருந்தது.

"அம்மா, எனக்குப் பின்னால..."

"சொல்லாதே."

"கேக்கலையா உனக்கு? ரொம்பக் கிட்ட..."

"நான் சொன்னதைச் சொல்லு. நான்தான் கடைசி. சொல்லு கண்ணா."

திரும்பிப் பார்க்க ஆட்ராவின் கழுத்து அசைந்தது. மார்கிட் அவள் முகத்தை இரு கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளும் மேலே பார்க்கவில்லை.

"நான்தான் கடைசி," என்றாள் ஆட்ரா.

கேட் கிறீச்சிட்டது. சங்கிலி. கொக்கி.

டிக்டிக்டிக். டிக். டிக்.

அந்தப் பக்கம் வந்து நின்றது. புகையில் யாரும் இல்லை. பாதை காலி. பிறகு கேட் ஒரு தடவை மெல்ல அசைந்தது. மேலே இல்லை. கீழ்க்கம்பி மட்டும். தரையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் பிடித்து இழுத்தது போல.

"நட," என்றாள் மார்கிட். "திரும்பாதே. நட."

நடந்தார்கள். மண். தார். வேலி. பின்னால் எதுவும் தொடரவில்லை. மார்கிட் கேட்டுக்கொண்டே நடந்தாள், ஒன்றுமே இல்லை. தன் இதயம் மட்டும். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு ஆட்ரா திடீரென்று நின்று மூச்சை இழுத்தாள். அழுதாள். பிறகு, மாதக்கணக்கில் மார்கிட் கேட்டிராத சத்தம் ஒன்று அவளிடமிருந்து வந்தது. சிரிப்பு.

"போயிடுச்சும்மா," என்றாள். "முதுகுல எப்பவும் ஒண்ணு இருக்கும். இப்ப இல்ல."

"நான்தான் சொன்னேனே."

"பசிக்குது. எனக்குப் பசிக்குதும்மா!"

மகள் படியேறி ஓடினாள். மார்கிட் எட்டி வலைக்கதவை இழுத்துத் திறந்துவிட, ஆட்ரா அவள் கைக்கு அடியில் நுழைந்து உள்ளே போனாள். குளிர்பெட்டி திறந்தது. தட்டுகளின் ஓசை. மார்கிட் வாசலில் நின்றாள். முதுகு கேட்டின் பக்கம். கை கதவில். ஸ்பிரிங் தன் முழுப் பலத்தோடு கதவை உள்ளிழுத்துக்கொண்டிருந்தது, அவள் தாங்கிக்கொண்டிருந்தாள். மகள் பிழைத்துக்கொண்டாள்.

"அம்மா, என்ன நின்னுட்டே? புகை உள்ள வருது. கதவை விடு."

"இரு," என்றாள் மார்கிட்.

"ஏன்?"

"பின்னால இன்னும் ஒருத்தங்க வர்றாங்க."

தன் குரலைத் தானே கேட்டாள். பேருந்துப் படியில் பிள்ளைகளுக்காக வைத்திருக்கும் அதே கனிவான குரல். வாயை மூடிக்கொள்ள நினைத்தாள். வாய் ஏற்கனவே மூடியிருந்தது.

சமையலறையில் ஏதோ விழுந்து உடைந்தது. ஆட்ரா மேசையின் அருகே நின்றபடி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டை.

"அம்மா," என்றாள் மிக மெதுவாக. "திறந்திருக்கு."

மார்கிட் திரும்பவில்லை. கதவை விட்டுவிடு. விரல்களை எடு. எடு. விரல்கள் எடுக்கவில்லை. யாருக்காகவோ கதவைப் பிடித்திருக்கும்போது, அவர் வந்து சேராமல் எப்படி விடுவது?

மரப்படியில் சத்தம். சக்கரம் இல்லை. காலடி இல்லை.

எதையோ இழுத்து, நிறுத்தி, இழுத்து.

முதல் படி.

நிதானம். எவ்வளவு நேரமானாலும் வந்து சேர்ந்துவிடுகிறவரின் நிதானம்.

அடுத்த படி.

ஏப்ரல் மாதத்துக் குளிர் மார்கிட்டின் கணுக்காலில் ஏறியது. வெளியே ஆகஸ்ட் எரிந்துகொண்டிருந்தது.

பிறகு அவள் கையிலிருந்த பாரம் விலகியது. ஸ்பிரிங்கின் இழுப்பு அப்படியே நின்றுபோனது, பின்னால் வருகிறவர் கதவை வாங்கிக்கொள்ளும்போது நிற்பது போல. அவள் குனிந்து பார்த்தாள். வலைக்கதவின் கீழ்ச்சட்டத்தில், முழங்காலுக்குக் கீழே, புகைத்தூசி படிந்திருந்த மரத்தில் நான்கு விரல்களின் தடம் ஈரமாக அழுந்தி இருந்தது.

மார்கிட் தன் கையை எடுத்தாள்.

கதவு மூடவில்லை.